கொடியும் கொடியும்

ஹூஸ்டன், டெக்ஸாஸ்
ஆனி 21, ஜூலை 5

மாகறலில் இருக்கும் பூஜ்ய பெரியப்பா அவர்களுக்குத் தங்கள் தம்பி மகன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் மருமகள், குழந்தை யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்கும், பெரியம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படியிருக்கிறது என்பதற்கும் பதில் எழுதவேண்டியது.

போனில் பேசியது காற்றோடு போய்விடும், கடிதமென்றால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை படிக்கலாம் என்று தாங்கள் பலமுறை சொல்லியும் எழுதாமலிருந்தது என் சோம்பலேயன்றி வேறில்லை. ஆனால் சென்ற மாதம் தாங்கள் கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியாது என்று அன்றே தெரிந்துகொண்டேன். "அந்த ஊர்க்காரர்கள் தேசத்தின்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள் என்கிறாய், தேசத்தை நம்புகிறவனுக்கு வீட்டிலே துப்பாக்கி எதற்கடா?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியோடு ஒரு மாதமாக இந்த ஊரைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

நேற்று இவர்களுடைய சுதந்திர தினம். 1776இல் இங்கிலாந்து ராஜாவின் சம்பந்தம் வேண்டாமென்று பிரகடனம் செய்ததைக் கொண்டாடும் நாள். வாசலுக்கு வாசல் கொடி. பழைய கார் விற்கிற கடைகளில் பறக்கும் கொடியைப் பார்த்தால், அதை இறக்கி நம் தெருவுக்கே பந்தல் போட்டுவிடலாம் என்று தோன்றும். நெசவாளி வீட்டுப் பிள்ளை துணியைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லையல்லவா? அடுத்த வீட்டுக் கிழவர் கட்டியிருந்த கொடியின் முனையை, அவர் உள்ளே போன சமயம் பார்த்து, விரலிடுக்கில் வைத்து நெருடிப் பார்த்தேன். நைலான், பதின்மூன்று பட்டைகளும் தனித்தனியே வெட்டி ஒட்டுத்தையல் போட்டவை, ஐம்பது நட்சத்திரங்களும் நூலால் எழுப்பியவை, காற்றில் முதலில் பிரிகிற ஓரத்துக்கு மட்டும் நான்கு வரிசைத் தையல். வேலையில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மூலையில் நகக்கண்ணளவு ஒரு சீட்டு, அதிலே 'சீனாவில் செய்தது' என்று அச்சிட்டிருந்தது. கொடியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து நிற்கிற அந்த மனிதரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைராட்டை நூலில் கையால் நெய்ததாக மட்டுமே இருக்கவேண்டுமென்றிருந்த நம் கொடியும், 2021 டிசம்பரில் விதி தளர்ந்து, இயந்திரத்தில் நெய்த பாலியெஸ்டராகவும் இருக்கலாமென்று ஆகிவிட்டபடியால், எடுத்துச் சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை.

தேசபக்தி இங்கே நித்தியானுஷ்டானம். பள்ளிக்கூடத்தில் குழந்தை தினந்தோறும் காலையில் அமெரிக்கக் கொடிக்கு ஒரு பிரமாணம், டெக்ஸாஸ் கொடிக்கு இன்னொரு பிரமாணம், அதன்பிறகு ஒரு நிமிஷம் மௌனம் என்று சொல்லி முடித்துத்தான் பலகையைப் பார்க்கிறாள். நேற்று இரவில் வாணவேடிக்கை, அதற்குமுன் தேசிய கீதம். அந்தக் கீதத்திலே ராக்கெட்டுகள் வருகின்றன. 1814இல் ஆங்கிலேயர் பால்டிமோர்க் கோட்டையின்மேல் விட்ட ராக்கெட்டுகள் அவை. அவற்றைச் செய்த காங்கிரீவ் என்பவர், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிடிபட்ட மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் செய்தார். அந்த மைசூர் ராக்கெட்டுகள் 1780இல் கர்னல் பெய்லியின் சேனையைக் கதிகலங்க அடித்த இடமோ, நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் புள்ளலூர்! இதை நான் கிழவரிடம் விஸ்தாரமாக எடுத்துச் சொல்ல, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊரில் வாணவேடிக்கை நன்றாக நடக்குமோ?" என்று விசாரித்தார்.

இனித் துப்பாக்கி. இவர்களுடைய அரசியல் சட்டத்தில் 1791இல் சேர்ந்த இரண்டாவது திருத்தம் ஆங்கிலத்தில் மொத்தம் 27 சொற்கள். ஒழுங்கான குடிப்படை சுதந்திர ராஜ்யத்தின் பாதுகாப்புக்கு அவசியம் என்று தொடங்கி, ஆயுதம் வைத்துக்கொள்ளும் ஜனங்களின் உரிமையில் கைவைக்கலாகாது என்று முடிகிறது. முன்பாதி பின்பாதியைக் கட்டுப்படுத்துமா, காற்புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று இருநூறு வருஷங்களாக, திருக்குறளுக்கு உரையாசிரியர்கள் முரண்படுவதுபோல் முரண்பட்டு, கடைசியில் 2008இல் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாக நின்று, வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனிதனின் உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். இந்த டெக்ஸாஸிலோ 2021 செப்டம்பரிலிருந்து, இருபத்தோரு வயதானவர், சட்டம் விலக்கிவைத்தவராக இல்லாத பட்சத்தில், லைசென்சு இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியில் போகலாம். வேண்டாமென்கிற கடைக்காரர் வாசலில் ஒரு பலகை மாட்டவேண்டும். மறைத்துக் கொண்டுவருவதற்கு ஒரு பலகை, தெரியக் கொண்டுவருவதற்கு வேறொரு பலகை. செருப்பை வெளியே விடவும் என்ற பலகையைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. தேசம் முழுவதிலும் ஜனத்தொகையைக் காட்டிலும் துப்பாக்கித்தொகை அதிகம். ஜெனீவாவிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனம் 2018இல் சொன்ன மதிப்பு, குடிமக்கள் கையில் மட்டும் 39 கோடிக்குமேல்.

கிழவர் பரம சாது. அவர் தோட்டத்துத் தக்காளியில் பாதி எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஒரு நாள் என்னை உள்ளே அழைத்து இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். பதினொன்று எண்ணினேன். எண்ணெய் போட்டுத் துடைத்து வரிசையாக நிறுத்தியிருந்த நேர்த்தியைப் பார்த்தபோது, சந்தனமும் குங்குமமும் ஒன்றுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன். ஆயுத பூஜையன்று தறிக்கும் நாடாவுக்கும் தாங்கள் பொட்டு வைப்பதை அவருக்கு விளக்கினேன், "நெய்கிற கருவியா ஆயுதம்?" என்று வெகுநேரம் யோசித்தார். பிறகு, வெள்ளைக்காரர் 1878இல் இந்தியர் கையிலிருந்து ஆயுதத்தைப் பறிக்கச் சட்டம் செய்ததை உங்கள் காந்தியே கண்டிக்கவில்லையா என்று என்னை மடக்கினார். கண்டித்தது வாஸ்தவம். காந்தியின் சரித்திரத்தின் கடைசி அத்தியாயத்தில் துப்பாக்கிக்கு என்ன பாத்திரம் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

இன்னொரு கதையும் அவர் சொன்னதுதான். 1835இல் மெக்ஸிகோ சர்க்கார், டெக்ஸாஸிலுள்ள கொன்சாலஸ் என்ற சிற்றூருக்குத் தான் கொடுத்திருந்த சிறு பீரங்கியைத் திருப்பிக் கேட்டதாம். ஊரார் மறுத்து, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள் என்று எழுதிய கொடியை ஏற்றினார்கள். அந்தக் கொடி ஒரு மணப்பெண்ணின் பட்டு அங்கியைக் கிழித்துத் தைத்தது என்பது கர்ணபரம்பரை. கல்யாணப் பட்டைக் கிழித்தார்கள் என்றவுடன் என்னையறியாமல் "அடப்பாவமே" என்றேன்; அவர் அதை வீரத்துக்குக் கொடுத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

தங்கள் கேள்விக்குப் பாதி விடை இங்கேதான் கிடைத்தது. புடவையில் கரையை உடலோடு சேர்க்கும் கோர்வைக்குத் துணையாளாகத் தங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றதை வைத்துச் சொல்கிறேன்: இவர்களுடைய புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். உடல் தேசத்தின்மேல் பக்தி. கரை சர்க்காரின்மேல் அவநம்பிக்கை. இரண்டும் வேறு வேறு நாடாவில் ஓடி, இழைக்கிழை பின்னிக்கொண்டிருக்கின்றன. தேசம் தம்முடையது, சர்க்கார் என்றைக்கிருந்தாலும் ராஜாவாக மாறக்கூடியது, மாறினால் தடுக்கத் துப்பாக்கி என்பது அவர்கள் சித்தாந்தம்.

சித்தாந்தம் இருக்கட்டும். போன வருஷம் ஒரு சாயங்காலம் குழந்தை வீட்டுக்கு வந்து, "இன்றைக்கு வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு மூலையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தோம், நான்தான் கொஞ்சம்கூடப் பேசவில்லை" என்று பெருமையாகச் சொன்னாள். துப்பாக்கியோடு யாராவது உள்ளே வந்தால் செய்யவேண்டியதற்கு ஒத்திகை அது. இதே ராஜ்யத்தில், உவால்டி என்ற ஊரில், 2022 மே 24ஆம் தேதி 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே மாண்டுபோனார்கள். ராஜாவைத் தடுக்க வைத்த துப்பாக்கி பள்ளிக்கூடத்துக் குழந்தைகளைத் தேடிப் போகிறது. குழந்தை ஒத்திகையைச் சொன்ன அன்றிரவு எனக்கு நம் ஊர்ச் சுவாமிதான் ஞாபகத்துக்கு வந்தார். ராஜேந்திர சோழன் ஆயுதம் ஏந்திய பரிவாரத்தோடு பொன் உடும்பைத் துரத்த, அது புற்றுக்குள் ஒளிந்துகொள்ள, புற்றை வெட்டியபோது ரத்தம் பெருகியது என்று தலபுராணம் சொல்லுமே. ஒளிந்த உடும்பே சுவாமி என்றும், அதனால் உடும்பீசர் என்றும், அடைக்கலம் காத்த நாதர் என்றும் திருநாமம் என்றும் சிறுவயதில் தாங்கள் சொல்லக் கேட்டபோது, துரத்துகிற ராஜாவின் குதிரைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது மூலையில் மூச்சடக்கி ஒளிந்திருக்கும் உடும்புதான் தெரிகிறது.

கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலை வரி பொறுக்காமல் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியவர்களின் தேசம் இது. அது நம் கிழக்கிந்தியக் கும்பினியாரின் தேயிலை. நம் பக்கத்துச் செங்கற்பட்டு ஜாகீர் 1763இல் நவாபிடமிருந்து கும்பினிக்குக் கைமாறிவிட்டதால், இவர்கள் தேயிலையைக் கொட்டிக்கொண்டிருந்த சமயத்தில் நம் முன்னோர்கள் கட்டிய கிஸ்தியும், குத்தகை எடுத்த நவாபின் வழியாக, அதே கும்பினிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பேர்ப்பட்ட வீரர்களின் சந்ததி இன்று கடையில் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். பொருளின்மேல் 99 சென்ட் என்று ஒட்டியிருக்கும்; பணம் கட்டும்போது வரி நூற்றுக்கு எட்டேகால் தனியாக ஏறும். நம் ஊரில் தீப்பெட்டியின்மேல்கூட எல்லா வரியும் சேர்த்த விலையைப் போட்டிருக்கிறதே என்றால், அதிசயமாகக் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் இன்ஷூரன்ஸ்காரரிடமிருந்து நாலு பக்கக் காகிதம் வருகிறது. தொகையெல்லாம் எழுதி, தலைப்பில் 'இது பில் அன்று' என்று போட்டிருக்கிறது. பில் பின்னால் வருகிறது, தொகை வேறாக.

எங்கள் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பன்னிரண்டு மாத உத்தரவாதம் உண்டு. பதின்மூன்றாம் மாதம் பிறந்த நான்காம் நாள் அது உயிரை விட்டது. போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல். பிறகு ஐம்பது நிமிஷம் வாத்தியம். கடைசியில் வந்த மனிதர், ரிப்பேர் செய்வதைவிடப் புதிது வாங்குவது லாபம் என்று அனுதாபத்துடன் தெரிவித்தார். அறுந்த இழையைச் சாம்பல் தொட்டுப் பிணைத்து மேலே நெய்கிற வீட்டில் பிறந்த எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. புதிது வாங்குவதில்லை என்று சபதம் செய்து, கொல்லைப்புறத்தில் இரண்டு மரங்களுக்கிடையே கொடி கட்டி வேட்டியையும் புடவையையும் உலர்த்தினோம். டெக்ஸாஸ் வெயிலில் அரைமணியில் மொடமொடவென்று காய்ந்தது.

ஒன்பதாம் நாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வெளியார் கண்ணில் படும்படி துணி உலர்த்துவது விதிக்கு விரோதம், தெருவின் மதிப்புக்குக் குறைவு, தவறினால் அபராதம் என்று படத்தோடு எழுதியிருந்தார்கள். படத்தில் இருந்தது தாங்கள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த எட்டு முழ வேட்டி. வாசலில் பறக்கும் கொடியை எந்தச் சங்கமும் தடுக்கலாகாது என்று 2006இல் தனிச் சட்டமே செய்திருக்கிறார்கள். கொல்லையில் கட்டிய கொடிக்கு நாதியில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்று சங்கத்துக்கு மனுப் போடலாமா என்று யோசித்தேன்.

கிழவரிடம் கடிதத்தைக் காட்டினேன். எந்த ராஜாவுக்கும் அஞ்சேன் என்ற மனிதராயிற்றே, கொதித்தெழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அவர் வீட்டு வாசற்கதவின் பழுப்பு, சங்கம் அங்கீகரித்த பழுப்பு அன்று என்று போன வருஷம் எழுதினார்களாம். மறுவாரமே ஏணி வைத்து வேறு பழுப்பு அடித்தாராம். பதினொரு துப்பாக்கியும் உள்ளே இருந்தன.

பெரியப்பா, துப்பாக்கி எதற்கு என்று கேட்டீர்கள். ராஜா வந்தால் தடுப்பதற்கு. இருநூற்றைம்பது வருஷமாக வாசலைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். ராஜா வரவில்லை, வருவதெல்லாம் கடிதங்கள்தாம். நாமும் உசத்தியில்லை. கீரைக்காரியிடம் ஐந்து ரூபாய்க்கு அரைமணி வழக்காடுகிற நாம், ஆபீஸ் ஜன்னலில் 'நாளைக்கு வா' என்றால் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். வீரத்தை எங்கே காட்டவேண்டுமோ அங்கே காட்டாமலிருப்பதில் இரு தேசத்தாருக்கும் ஒற்றுமை இருக்கிறது.

கொடி இப்போது கராஜுக்குள் இருக்கிறது. கதவை இழுத்து மூடிக்கொண்டு, கள்ளப்பணம் அச்சடிக்கிறவர்களைப் போல நாங்கள் துணி உலர்த்துகிறோம். நேற்றும் அப்படி உலர்த்திக்கொண்டிருந்தபோது, விடியற்காலையில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாவு நூலை நீட்டிக் கட்டி நாம் இழை சரிபார்ப்பதும், பால்காரர் சைக்கிளை விட்டிறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாவுக்கடியில் குனிந்து ஓடுவதும் கண்ணில் வந்து நின்றன. அத்தனை காலமும் தெருவையே மறித்துக்கொண்டிருந்தோமே, ஒருவரும் நமக்குக் கடிதம் எழுதவில்லை.

வருகிற திங்கட்கிழமை குழந்தையின் பெயருக்கு அடைக்கலம் காத்த நாதருக்கு ஓர் அர்ச்சனை செய்யவேண்டியது.

இப்படிக்கு,
தங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும்
தம்பி மகன்

பின்குறிப்பு: கராஜில் உலர்ந்த வேட்டியில் பெட்ரோல் நெடி அடிக்கிறது. மாகறல் வெயிலில் காய்ந்தது ஒன்று, வருகிறவர்கள் வசம் கொடுத்தனுப்பவும்.