வாளுக்கு முந்தி வாடகை

நீயும் கதை எழுதப் போறியாமே, உங்க அப்பன் போன்ல சொன்னான். பட்டணத்துல ரத்தக்காட்டேரி ஒரு தெருவுல, ஓநாய் மனுசன் அடுத்த தெருவுல, சூனியக்காரி மாடி வீட்டுலன்னு குடியிருக்குமாம். நடுவுல ஒரு பொம்பளப்பிள்ளை நின்னு அம்புட்டையும் கட்டி மேய்ப்பாளாம். அர்பன் ஃபேன்டசின்னு சொன்னியே, அதேதான். எழுது தாயி, நல்லா எழுது. லீவுக்கு வந்தப்பெல்லாம் நீ இங்கிலீசுல வாசிச்சுத் தமிழ்ல சொன்ன கதையப் பூராவும் கேட்டவ இந்த அப்பத்தா. சூட்சுமம் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிருக்கு. நாலு சொல்றேன், குறிச்சு வச்சுக்க.

மொத வேலை, அவளுக்குத் தோல்ல ஒரு கால்சட்டை தச்சுக் குடு. ஒடம்போட ஒட்டிப்போயி இருக்கணும். அமெரிக்காவுல அட்லாண்டா மாதிரி ஊரு வெக்கையில அதைப் போட்டுக்கிட்டு ஓடுனா, காட்டேரி கடிக்குமுன்ன வேர்க்குரு கடிச்சிரும். அதைப் பத்தி உனக்கென்ன? அட்டைப்படத்துல மொகத்தைக் காட்டாத. முதுகைக் காட்டி, இடுப்பு ஒரு திக்கு, கழுத்து ஒரு திக்குன்னு முறுக்கி நிக்க வையி. இடுப்புல குத்துன பச்சை, கையில கத்தி. 2012-ல ஜிம் ஹைன்ஸ்னு ஒரு கதாசிரியரு, தாடி மீசை வச்ச ஆம்பளை, அந்த அட்டைப் பிள்ளைக நிக்கிறபடியே தானும் நின்னு போட்டோப் பிடிச்சு ஊருக்கே காட்டுனாரு. எலும்பு உள்ள சென்மம் அப்படி நிக்கவே முடியாதுன்னு பாத்தவுகளுக்கெல்லாம் விளங்கிப்போச்சு. காட்டேரிய அவ எப்படி வெட்டுவாங்கிற பேச்சு அப்புறம். மொதல்ல நேரா நிக்கட்டும்.

ரெண்டாவது, மாப்பிள்ளை. வயசு நூத்தம்பதுக்குக் கொறையக் கூடாது. உங்க அத்தைக்கு எட்டு வயசு மூத்த மாப்பிள்ளையப் பாத்ததுக்கே "கெழவனுக்கா கட்டிக் குடுக்குறீக"ன்னு சண்டைக்கு வந்த சனம் நம்ம சனம். லூசியானாவுல சூக்கின்னு ஒரு பிள்ளை, சார்லெய்ன் ஹாரிஸ் 2001-ல எழுதுனது. சாராயக்கடையில பரிமாறுறவ, அடுத்தவுக மனசுல நெனைக்கிறது அவ காதுல விழுந்துரும். ஜப்பான்காரன் செயற்கை ரத்தம் செஞ்சு குடுத்ததால காட்டேரியெல்லாம் ஊரறிய நடமாட ஆரம்பிச்ச காலம். அவளுக்கு வயசு இருபத்தஞ்சு. அவ பிடிச்ச ஆளு அமெரிக்க உள்நாட்டுப் போர்ல சண்டை போட்டுட்டு, 1860-கள்லயே காட்டேரியாப் போனவன். இதுக்குப் பொருத்தம் பாத்த சோசியன் கையில கெடைச்சா எனக்கு நாலு வார்த்தை கேக்கணும். அதோட, ஒருத்தன் பத்தாது ஆத்தா. காட்டேரி ஒருத்தன், ஓநாய் ஒருத்தன், ரெண்டு பேரும் மொறைச்சுக்கிட்டு நிக்கணும். இவ யாரையும் வேணாம்னும் சொல்லக்கூடாது, வேணும்னும் சொல்லக்கூடாது. அதுல அஞ்சு புஸ்தகம் ஓடிரும்.

மூணாவது, புஸ்தகத்துக்குப் புஸ்தகம் அவளுக்குச் சக்திய ஏத்திக்கிட்டே போ. செயின்ட் லூயிஸ்ல அனிட்டா பிளேக்னு ஒருத்தி. லாரல் ஹாமில்டன் எழுதி 1993-ல மொதப் புஸ்தகம் வந்தப்ப, செத்தவுகள எழுப்புறதும் காட்டேரியக் கொல்றதும் அவ வேலை. 2001-ல வந்த பத்தாவது புஸ்தகத்துல இருந்து புதுசு புதுசாச் சக்தி ஏறுச்சு, ஆம்பளைக கணக்கும் ஏறுச்சு. நீயும் பக்கத்தைத் தாண்டித் தாண்டி வாசிச்சே. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாவே கேக்கும். காகிதம் புரண்ட சத்தம் அம்புட்டும் கேட்டுச்சு. நீ தாண்டுன பக்கத்துக்காக நான் வருத்தப்படலை. சக்தி ஏற ஏற எனக்குப் பயம் கொறைஞ்சுபோச்சு, அதுதான் வருத்தம். எதுவும் அவளை ஒண்ணும் பண்ணாதுன்னா நான் எதுக்கு முழிச்சிருக்கணும்? தலகாணியப் போட்டுப் படுத்துட்டேன்.

ஆனா அதே அனிட்டா ஒருநா ராத்திரி என்னையத் தூங்க விடலை. 1994-ல வந்த ரெண்டாவது புஸ்தகம். பொணத்தை எழுப்புறது அவளுக்குச் சம்பளத் தொழில். ஆபீசு உண்டு, மொதலாளி உண்டு. உயில்ல தகராறுன்னா வக்கீலு பேச்சு எதுக்கு, செத்தவனையே எழுப்பிக் கேட்டுப்புடுவாக. அதுக்குப் பலி குடுக்கணும்: புதுப் பொணத்துக்குக் கோழி, நாள்பட்டதுக்கு ஆடு. பணக்காரன் ஒருத்தன் வந்து, மூணு நூறு வருசத்துக்குக் கிட்ட ஆன பொணத்தை எழுப்பித் தா, பத்து லட்சம் டாலர் தாரேங்கிறான். அம்புட்டுப் பழசுக்கு ஆடு பத்தாது, ஆளு வேணும். முடியாதுன்னுட்டா. அவ சுட்டதெல்லாம் எனக்கு மறந்துபோச்சு, அந்த "முடியாது" மறக்கலை. கைநிறையக் காசு வாரப்ப வேணாம்னு சொன்ன பொம்பளையவும் ஆம்பளையவும் நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்னு நெனைக்கிற?

அப்புறம் அந்த மெர்சி தாம்சன். பட்ரீசியா பிரிக்ஸ் 2006-ல எழுத ஆரம்பிச்சது. வாஷிங்டன் மாநிலத்துல டிரை-சிட்டீஸ்ங்கிற ஊரு. ஃபோக்ஸ்வேகன் காரு ரிப்பேரு பாக்குறவ, நகத்துக்குள்ள கிரீஸ். நெனைச்சா கயோட்டியா மாறுவா. அது ஓநாய்க்குப் பாதிகூட இல்லாத பிராணி. சுத்தி இருக்கிறது பூராவும் ஓநாய்க்கூட்டம். பக்கத்து வீட்டுக்காரன் ஆடம் அந்தக் கூட்டத்துக்கே தலைவன். அவன் அதிகாரம் பண்ணுனா இவ பல்லைக் கடிச்சுக்கிட்டு மல்லுக்கு நிக்கிறதில்ல. அவன் சன்னலுக்கு நேரா ஒரு ஓட்டைக் காரைப் போட்டு வச்சிருக்கா. கோவம் வந்தா அதுல ஒரு சக்கரத்தைக் கழட்டிருவா. அவனோ எல்லாம் ஒழுங்கா இருக்கணும்ங்கிறவன், பாத்துப் பாத்து வயிறெரிவான். மாமியா வீட்டுல குப்பை கொட்டுனவளுக்கு இந்த வித்தையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. அதே மெர்சிக்கு மூணாவது புஸ்தகத்துல நடந்த கொடுமைய வாசிக்கிறப்ப உன் கொரலே மாறிப்போச்சு. அடுத்த பக்கத்துலயே அவ துடைச்சுப் போட்டுட்டு எந்திரிச்சிருந்தா நான் அந்தப் புஸ்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லியிருப்பேன். 2009-ல வந்த அடுத்த புஸ்தகத்துலயும் திடீர் திடீர்னு மூச்சுமுட்டி நடுங்குறா. நடுங்கிக்கிட்டே கடையத் திறக்குறா. அதை எழுதுறதுக்குக் கத்தியச் சுழட்டி எழுதுறதவிடத் தெம்பு வேணும்.

அட்லாண்டாக்காரி கேட் டேனியல்ஸ் கதைய 2007-ல இருந்து எழுதுனது இலோனா ஆண்ட்ரூஸ். அது ஒருத்தி இல்ல, புருசனும் பொண்டாட்டியும் சேந்து வச்சுக்கிட்ட பேரு. ரெண்டு பேரும் அத்துக்கிட்டுப் போகாம 2018 வரைக்கும் 10 புஸ்தகம் எழுதி முடிச்சதுதான் அதுல பெரிய மாயம். அந்த ஊருல மந்திரம் அலையலையா வருது. நம்ம ஊரு கரண்டு மாதிரி எப்ப வரும், எப்பப் போகும்னு ஒருத்தருக்கும் தெரியாது. வந்தாத் துப்பாக்கி வெடிக்காது, காரு ஓடாது. போனா மந்திரம் செல்லாது. ரெண்டு நேரத்துலயும் வெட்டுறது வாள் ஒண்ணுதான். அதான் அவ வாள் வச்சிருக்கா, அட்டைப்படத்துக்காக இல்ல. ரத்தம் பட்ட துணியக்கூட விட்டுவைக்காம எரிச்சிருவா, அதை வச்சு அவ யாரு பெத்த பிள்ளைன்னு கண்டுபிடிச்சிருவாகன்னு. அம்புட்டுப் பலசாலி ஒளிஞ்சு வாழுறா பாரு, அங்கதான் கதை இருக்கு.

சின்சினாட்டி ரேச்சல் மார்கனை, 2004-ல கிம் ஹாரிசன் எழுதுனவளை, நான் மறப்பேனா? அந்த ஒலகத்துல தக்காளியில இருந்து கிருமி பரவிக் கூட்டங்கூட்டமா மனுசன் செத்துட்டான். மிஞ்சுனவன் இன்னமும் தக்காளியக் கண்டா ஓடுறான். தக்காளி போட்டு, விலை இல்லாம ரோட்டோரம் கொட்டிட்டு வந்தவகிட்ட இதைவிடப் பெரிய பேய்க்கதை வேற சொல்லாத. அந்த ரேச்சல் வேலைய விட்டதுக்கே அவளைக் கொல்ல ஆளு ஏவிட்டாக. பழைய சர்ச்சு ஒண்ணுல ஒரு காட்டேரிக்காரியோட குடியேறி, நாலு அங்குல உசரமுள்ள ஒரு றெக்கைக்காரனைத் துணைக்கு வச்சுக்கிட்டுத் தொழில் பண்றா. வாடகைக்கு அல்லாடுறா.

வெளங்குதா தாயி? உன் பிள்ளை என்ன வேலை பாத்துச் சோறு திங்கிறா, யாருக்குக் கடன்பட்டிருக்கா, எந்தத் தேதியில வாடகை, எந்தக் காசை மட்டும் தொடமாட்டா, இதை மொதல்ல எழுது. வாளை அப்புறம் குடுக்கலாம்.

கடைசியா ஒண்ணு, இது என் சொந்த வழக்கு. இந்தக் கதையில எல்லாம் பெரியாளுகளை மொதல்லயே தீத்துக்கட்டிருறாக. இருந்தா "இந்நேரத்துல சுடுகாட்டுல உனக்கென்னடி சோலி"ன்னு கேப்பாகல்ல! சூக்கிய வளத்த பாட்டிக்கு, பேத்தி காட்டேரியோட பழகுறான்னு தெரிஞ்சப்ப அவ அலறலையே. எங்க சங்கத்துல வந்து அந்தக் காலத்துப் போர்க்கதையப் பேசுவானான்னு கேட்டா. அந்தப் புஸ்தகத்துலயே வெவரமான மனுசி. விட்டாகளா? மொதப் புஸ்தகத்துலயே கொன்னுட்டாக.

ஜமைக்காவுல பொறந்த நாலோ ஹாப்கின்சன் 1998-ல எழுதுன டொரன்டோக் கதைய மறுபடி எடுத்துப் படி. காசுள்ளவன் எல்லாம் நடு ஊரைக் கைகழுவிட்டு ஓடிட்டான். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, பச்சிலை வைத்தியமும் சாமி அழைக்கிறதும் தெரிஞ்ச பாட்டியோட அங்கயே கெடக்கா. அந்தப் பாட்டியவும் கொன்னு, நெஞ்சை அறுத்தெடுத்து, ஆட்சி பண்ற அம்மாவுக்கு வச்சுத் தச்சுட்டாக. கெழவி நெஞ்சு சும்மா இருக்குமா? உள்ள போயி அந்த அம்மா புத்தியவே மாத்திப்புடுச்சு.

அதனால நீ எழுதுறப்ப என்னையக் கொல்றதா இருந்தா தாராளமாக் கொன்னுக்க. ஆனா என் நெஞ்சை எந்த மந்திரிக்கு வைக்கப் போறேன்னு முன்கூட்டியே சொல்லிரு ஆத்தா. தக்காளி விலைய அவருகிட்ட உள்ள இருந்தே பேசிக்கிறேன்.