ஜிற்சோடா: ஒரு தொகைநிலை ஆய்வு

ஜின்னுக்கு டானிக் ஊற்றுவதா, சோடா ஊற்றுவதா என்ற வழக்கை இதுவரை குடிப்பவர்களும் ஊற்றிக் கொடுப்பவர்களுமே பேசி வந்திருக்கிறார்கள். இலக்கண நோக்கில் யாரும் அணுகவில்லை. அக்குறை நீங்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வுக்களம் ஒரு மேசை, இரண்டு கிளாஸ், ஓர் எலுமிச்சம்பழம். கள ஆய்வு மூன்று மாலைகள் நடந்தது. மூன்றாம் மாலையின் குறிப்புகள் ஆய்வாளருக்கே புரியாத கையெழுத்தில் இருப்பதால் இங்கே சேர்க்கப்படவில்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. தமிழ் வீட்டில் டானிக் என்றால் காய்ச்சல் விட்ட பிறகு டாக்டர் எழுதிக் கொடுக்கும் பழுப்புச் சீசா. அதன் மூடிதான் அளவு. காலையில் ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி. சோடாவோ அவசரத்துக்கு உரியது. மயங்கி விழுந்தவர் முகத்தில் தெளிக்கவும், கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏப்பம் வரவும், மேடையில் பேச்சாளர் தொண்டையை நனைக்கவும், கூட்டம் கலவரமானால் எடுத்து வீசவும் ஆகும். ஆக, விழுந்தவனுக்குச் சோடா, எழுந்து உட்கார்ந்தவனுக்கு டானிக் என்பதே நம் மரபு. முதன்முதலாக ஒரு பாரில் சிப்பந்தி குனிந்து, “டானிக்கா, சோடாவா சார்?” என்று கேட்டபோது, என் முகத்தில் என்ன தெரிந்ததோ என்று பயந்துபோனேன்.

பயத்தில் நியாயம் இருந்தது. இந்த டானிக்கும் மருந்துச் சீசாவின் வம்சம்தான். சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-ல் பாரிஸில் பெல்லெத்தியே, கவாந்து என்ற இருவர் குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் நம் தாத்தாமார்கள் முகம் சுளித்து விழுங்கிய கொய்னா. 1858-ல் லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் டானிக் நீருக்குக் காப்புரிமை வாங்கினார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கொய்னாவின் கசப்பை உள்ளே தள்ள ஜின்னைத் துணைக்கு அழைத்தார்கள் என்பது பரம்பரைக் கதை. பல சீசாக்களின் லேபிளில் இன்றைக்கும் ‘இந்தியன் டானிக் வாட்டர்’ என்றே இருக்கிறது.

நமக்கும் இதில் நேர்ப் பங்கு உண்டு. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து திரட்டிய சின்கோனா 1860-களில் நீலகிரியில் வேர்பிடித்தது. ஊட்டி அரசுப் பூங்காவைப் பார்த்துக்கொண்ட மெக்ஐவர்தான் வளர்த்தவர். கூடலூர் சாலையில் இருக்கும் நடுவட்டத்தில், மலாய்க் கரையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த சீனக் கைதிகளை அடைத்துவைத்து அந்தத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். வால்பாறைப் பக்கம் ஓர் ஊருக்குப் பெயரே சின்கோனா. ஐஸ் மிதக்கும் கிளாஸைத் தூக்கி ‘சியர்ஸ்’ சொல்லும்போது நடுவட்டத்துக் குளிரில் பட்டை உரித்த அந்தக் கைகளும் நினைவுக்கு வருகின்றன. ஆய்வுக்கு இது அவசியமில்லைதான், வந்துவிட்டது, எழுதிவிட்டேன்.

இனித் தடையும் விடையும்.

தடை: டானிக் மருந்தென்றால், மருந்தாகவே குடித்துவிட்டுப் போகலாமே?

விடை: கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. டானிக்கில் லிட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் குயினைன் கூடாதென்பது அமெரிக்க விதி. மலேரியாவுக்குப் பெரியவர்களுக்குக் கொய்னா கொடுத்தால் வழக்கமான அளவு எட்டு மணிக்கொரு தடவை 600 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 1,800. அதை டானிக்கிலேயே பெற வேண்டுமானால் தினம் 21 லிட்டர் 700 மில்லி குடிக்க வேண்டும். கிளாஸுக்கு 150 மில்லி என்றால் 145 கிளாஸ். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்மால் ஜின் வீதம் 4 லிட்டர் 350 மில்லி, அதாவது முழுப் பாட்டில் ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. நோயாளி மலேரியாவால் சாக மாட்டார் என்று உறுதி சொல்லலாம். கொசுவும் அவரைக் கடித்துவிட்டு நேராகப் பறக்காது.

தடை: அப்படியானால் வேஷம் போடாத சோடாவே மேல் அல்லவா?

விடை: அதுவும் வேஷம் கட்டியதுதான். லீட்ஸ் நகரில் பக்கத்துப் பீர் ஆலையின் தொட்டிக்கு மேலே நின்ற வாயுவைத் தண்ணீரில் ஏற்றிப் பார்த்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. ஆண்டு 1767. மாலுமிகளின் ஸ்கர்வி நோய்க்கு அந்தத் தண்ணீர் மருந்தாகும் என்று அவர் மனதார நம்பினார், ஆகவில்லை. ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிப்பர் காயும் பழைய வைத்தியர்களின் சரக்கு. மூன்றும் ஒரே மருந்துக்கடையிலிருந்து ஓடிவந்து பாரில் சந்தித்துக்கொண்டவை.

எனவே பிறப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. பார்வையில் இரண்டும் ஒன்று. நிறமில்லை, குமிழி உண்டு. வேறுபாடு காண ஆய்வாளர் தெருமுனைக் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை நாடினார். கடைக்காரர் சந்தேகத்தோடுதான் சுவிட்சைப் போட்டார். சோடா கிளாஸ் இருட்டாகவே கிடந்தது. டானிக் கிளாஸை நீட்டியதும் உள்ளிருந்து நீலம் பொங்கியது, சினிமாவில் விஷக் கோப்பை ஒளிர்வதுபோல. கடைக்காரர் ஒரு அடி பின்வாங்கி, “இதையா சார் குடிக்கிறீங்க?” என்றார். குயினைன் கரைசலின் இந்த நீலத்தை ஜான் ஹெர்ஷல் 1845-லேயே கண்டு எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். அவர் விளக்கை அணைத்துவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேறுபாடு சர்க்கரை. கசப்பைச் சகிக்கவைக்க, சர்க்கரை குறைக்காத டானிக்கில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 8 கிராம் போடுகிறார்கள். ஒரு கிளாஸுக்கு மூன்று டீஸ்பூன். “இனிப்பே ஆகாது, கசப்புதான் பிடிக்கும்” என்று பெருமையாக டானிக் கேட்பவர் உண்மையில் பாயச அளவு சர்க்கரை சாப்பிடுகிறார். காபியில் இதே அளவு போட்டுக் கொடுத்தால் சண்டைக்கு வருவார்.

சோடாவில் சர்க்கரை சுழி. அதனாலேயே சோடா ஊற்றுபவருக்கு வேலை அதிகம். வாஷிங்டனில் 1880-களில் பிறந்த ‘ரிக்கி’ என்ற சோடாக் கலவை முதலில் போர்பன் விஸ்கியில் போட்டது. பிறகுதான் ஜின்னுக்கு மாறியது. அரை எலுமிச்சையைப் பிழிந்து தோலையும் உள்ளே போட்டுச் சோடா நிரப்பினால் தீர்ந்தது. சர்க்கரை கிடையாது. சர்க்கரை வேண்டுபவர் தாமே போட்டுக்கொண்டால் அது காலின்ஸ். சோடாவோடு ஜின்னைக் குடித்தால் அந்த ஜின் நல்லதா மட்டமா என்று இரண்டாம் வாயில் தெரிந்துவிடும். டானிக் அதை எளிதில் காட்டிக்கொடுக்காது.

இந்த இடத்தில்தான் இலக்கணம் உதவுகிறது. ஜின் பெயர்ச்சொல். டானிக் உரிச்சொல், பெயரைத் தழுவி நின்று அதற்கு ஒரு பண்பை ஏற்றும். சோடா அசைச்சொல்; தனக்கெனப் பொருளில்லை, ஓசை நிறைக்க வரும். சீசாவைத் திறக்கும்போது அந்த ஓசை காதுக்கே கேட்கும்.

எஞ்சிய சிக்கல், இந்தத் தொடர்கள் என்ன தொகை என்பது. மது தொடாதவரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியருமான புலவர் ஐயாவிடம் போனேன். திண்ணையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஜின் டானிக் என்ன தொகை?”

“உம்மைத்தொகைன்னு வச்சுக்குங்க தம்பி. ஜின்னும் டானிக்கும்.”

“ஜின் ஒரு பங்கு, டானிக் மூணு பங்குங்கய்யா. உம்மைத்தொகையில ரெண்டும் சமமில்ல இருக்கணும்?”

அவர் யோசித்தார். “அப்போ தயிர்ச்சோறு மாதிரி. ஜின் கலந்த டானிக். உருபும் பயனும் உடன்தொக்க தொகை. சோறு எது, தயிர் எதுன்னு சந்தேகமே வேண்டாம்.”

“ஜின் சோடாவும் அப்படித்தானா?”

“அப்படின்னா ஜிற்சோடான்னு சொல்லணுமே! பொன்னும் குடமும் பொற்குடம் ஆகறதில்லையா? நீங்க யாரும் அப்படிச் சொல்லலையே. அப்போ அது வேற்றுமை இல்லை.”

“ஜின் டானிக்குக்கு அந்த விதி பொருந்துமா?”

“டகரம் தமிழ்ல சொல்லுக்கு முதல்ல வராது தம்பி. ஜகரம் வடமொழி எழுத்து. உங்க சரக்குக்கு எங்க இலக்கணத்துல இடமே இல்லை.” காபியை ஒரே மூச்சில் முடித்து டம்ளரைக் கவிழ்த்தார். நான் எழுந்ததும் கூப்பிட்டார். “தொகை ஆறு. நாம பார்த்தது ரெண்டு. அன்மொழித்தொகையை மறந்துட்டோம். பொற்றொடி வந்தாள்னா வளையலா தம்பி நடந்து வருது?”

அன்று மாலை களத்துக்குத் திரும்பி மூலையில் உட்கார்ந்திருந்தேன். பரிசோதனைக்காக டானிக் ஒன்று, பிறகு இன்னொன்று. கல்லாவுக்கு நேரே நின்ற சிப்பந்தி என் பக்கம் தலையசைத்துக் குரல் கொடுத்தான்.

“அண்ணே, அஞ்சாம் டேபிள் ஜின் டானிக் பில் கேக்குறாரு!”

கல்லாக்காரர் நிமிராமலே கேட்டார். “ஆறாம் டேபிள் ஜின் சோடா?”

“அவரு கை கழுவப் போயிருக்காரு.”