மைக்ரோன் அண்ணை

செட்டிகுளத்தில் எந்த மோட்டார் சைக்கிள் கராஜுக்குப் போனாலும் வாசலில் ஒரு வாங்கு கிடக்கும். அதில் மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் சைக்கிளைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர். அடுத்தவர் ஓசியில் பேப்பர் பார்க்க வந்தவர். மூன்றாமவருக்கு அங்கே ஒரு அலுவலும் கிடையாது. ஆனால் அவர் கதைத்து முடிக்காமல் மெக்கானிக்கால் ஒரு நட்டைக்கூடக் கழற்ற முடியாது.

இந்த மூன்றாமவர் எங்கள் ஊரில் மட்டும் விளைகிறவர் என்று நினைக்க வேண்டாம். நெடுங்கேணியிலும் இருக்கிறார், கிளிநொச்சியிலும் இருக்கிறார். கனடாவின் ஸ்காபரோவில் பனி தள்ளிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்கிறவரும் இவர்தான். எங்கள் பங்குக்குக் கிடைத்தவருக்கு மைக்ரோன் அண்ணை என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தேவை வந்தால் மட்டும் வெளியே எடுப்பார்.

சாரம், அரைக்கைச் சேட்டு. சேட்டுப் பையில் ஒரு பேனை, ஒரு பூதக்கண்ணாடி, நாலாக மடித்த ஓயில் பில்ரர்ப் பெட்டி மூடி ஒன்று. பெட்டி மூடி எதற்கு என்று கேட்டவர்கள் அன்று மத்தியானச் சாப்பாட்டைப் பின்னேரம்தான் சாப்பிட்டார்கள்.

பெயர் வந்த கதை சின்னது. கராஜில் வேலை பழகுகிற பொடியன் ஒருநாள், "எல்லாப் பில்ரரும் ஒண்டுதானே அண்ணை" என்று சொல்லிவிட்டான். அண்ணை எழும்பினார். தன் தலையைத் தடவிப் பார்த்தார். அங்கே பிடுங்க ஒன்றும் இல்லை. பொடியனின் தலையில் ஒரு மயிரைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"இது எழுபது மைக்ரோன் மொத்தம். நல்ல பேப்பர் பில்ரர் இருபது, முப்பது மைக்ரோன் தூளையும் பிடிக்கும். அதாவது இதிலை பாதிகூட இல்லை. இப்ப விளங்குதோ?"

பொடியன் உச்சியைத் தேய்த்துக்கொண்டே விளங்கியது என்றான். அதற்குப் பிறகு அண்ணை வருகிற நாட்களில் அவன் தொப்பி போட்டுக்கொண்டு வேலை செய்கிறான்.

மாதம் ஒருமுறையாவது பஸ் ஏறிப் பூவரசங்குளம் தாண்டி வவுனியாவுக்குப் போவார். பசார் வீதிப் பக்கத்து பாட்ஸ் கடைக்காரர்கள் அவரைத் தூரத்திலேயே கண்டு பிளேன்ரீக்குச் சொல்லிவிடுவார்கள். அன்பினால் இல்லை. வாய்க்குள் தேத்தண்ணி இருக்கும் நேரமாவது கேள்வி வராது என்ற நப்பாசை.

"பல்சர் 150 இன்ரை ஓயில் பில்ரர் காட்டும்."

மேசையில் மூன்று பெட்டிகள் வரும். ஒன்று கம்பனிப் பெட்டி; பஜாஜுக்கு இலங்கையில் ஏஜென்ற் டேவிட் பீரிஸ் கம்பனி என்பதைக் கடைக்காரர் சொல்லமுன் இவர் சொல்லிவிடுவார். இரண்டாவது, இந்தியாவிலிருந்து வந்த வேறொரு கம்பனியின் பெட்டி. மூன்றாவது, பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாலும் வாய்க்குள் நுழையாத பெட்டி; விலை மட்டும் நன்றாக நுழையும்.

"விக்கிலை இல்லையோ? ஜப்பான் சாமான்."

"அது வானுக்குத்தான் எங்களிட்டை இருக்கு, ஐயா."

"சகுரா?"

"அதுவும் வானுக்கு."

"சகுரா எண்டு பேர்தான் ஜப்பான். சாமான் இந்தோனேசியா. தெரியுமோ?"

கடைக்காரருக்குத் தெரியும். போன மாதமும் இவர்தான் சொன்னவர்.

பிறகு சோதனை தொடங்கும். பேப்பரின் மடிப்புகளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவார். மடிப்புக் கூடினால் ஓயில் வடிகிற பரப்புக் கூடும், அது நியாயம்தான். இரண்டு முனையிலும் பசை ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்ப்பார், அதிலும் பிழையில்லை. பசை விட்டால் ஓயில் பேப்பருக்குள்ளால் போகாமல் சந்து வழியால் ஓடிவிடும். ஓ றிங்கை எடுத்து முன்பல்லால் மெல்லக் கடித்துப் பார்ப்பார். அதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லை, கடித்த றிங்கை யாருக்கு விற்பது என்ற யோசனை அவருக்கு.

கடைசியில், "யோசிச்சுச் சொல்லுறன்" என்று எழும்பிவிடுவார்.

ஒருமுறை கடைக்குப் புதிதாக வந்த பெடியன் ஒருவன் விசயம் தெரியாமல் கேட்டுவிட்டான்: "அண்ணை, நீங்கள் ஓடுறது என்ன சைக்கிள்?"

"எம்.டி. 90."

கடைக்குள் இருந்த எல்லோரும் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹொண்டா எம்.டி. 90 ஜப்பானில் தபால்காரர் ஓடிய சைக்கிள். 1958 இல் ஹொண்டா இறக்கிய சுப்பர் கப்பின் வம்சம். அங்கே கடிதம் கொடுத்துக் களைத்த பிறகு கப்பல் ஏறி இங்கே வந்து, நெல்மூட்டை, விறகு, ஆடு, மாமியார் எல்லாம் சுமந்தது. வன்னியில் அதற்கு இருந்த மரியாதை பின்னாளில் வந்த எந்தச் சைக்கிளுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த எஞ்சினுக்குள் பேப்பர் பில்ரரே இல்லை. அடியில் ஒரு கம்பி வலை, பெரிய தூளைப் பிடிக்க. மிச்ச வேலையைக் கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு கிண்ணம் செய்கிறது. அதற்குள் வருகிற ஓயில் சுற்றுகிற வேகத்தில், பாரமான இரும்புத் தூள் ஓரத்துக்கு எறியப்பட்டுச் சுவரில் கறுப்புக் களியாக ஒட்டிக்கொள்ளும். தெளிந்த ஓயில் நடுவால் வெளியே போகும். பாலிலிருந்து ஆடை பிரிக்கிற மெசினும் இதே கணக்குத்தான். இதற்குப் பெட்டியும் இல்லை, பிராண்டும் இல்லை. வலதுபக்கக் கவரைக் கழற்றி, களியை வழித்து, பெற்றோலால் கழுவி, ஒரு புதுக் கஸ்கற் போட்டுப் பூட்டினால் சரி. ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டருக்கும் இதே ஏற்பாடுதான்.

ஆக, மைக்ரோன் அண்ணை ஆயுள் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கிற சாமானுக்கு அவருடைய சைக்கிளில் பூட்ட இடமே கிடையாது. பல்சர் மருமகனுடையது. மருமகன் கம்பனிப் பெட்டியை வாங்கிப் போட்டுவிட்டு ஓடித் திரிகிறார். மாமா இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரியும், காத்திருக்க அவருக்கு ஆயுள் போதாது.

இவரைப் பார்த்துச் சிரிப்பது சுகம். நானும் சிரிக்கிறேன். ஆனால் அவர் புதுக்குடியிருப்புப் பக்கத்து மனுசன் என்பதையும் சொல்லவேண்டும். 1990 க்குப் பிறகு போரினால் வன்னிக்குள் பெற்றோல் வரத் தடை. சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலில் சில துளியைக் காபிறேற்றருக்குள் விட்டு, கிக்கரை உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வெள்ளைப் புகை வீதியை மூடும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஓயிலோடு கலக்கும். மற்ற நாட்டுக்காரர் ஓயில் குறைகிறதே என்று கவலைப்பட்டபோது எங்கள் ஆட்களுக்கு ஓயில் கூடிக்கொண்டு போனது. குச்சியை விட்டுப் பார்த்தால் நேற்றையிலும் இன்று கூட. தண்ணிமாதிரி நீர்த்த அந்த ஓயிலை மாற்றப் புது ஓயில் கிடையாது. இறக்கி, தெளியவிட்டு, பழைய வேட்டித் துணியால் வடித்து, திரும்ப ஊற்றுவதுதான்.

"அப்ப என்ன பிராண்டு பில்ரர் அண்ணை?" என்று வாங்கில் ஒருவர் கேட்டார்.

"நாலு முழம். கரை வைச்சது" என்றார் அண்ணை.

2002 இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்த பிறகுதான் கடையில் சாமான்களைத் தெரிந்தெடுத்து வாங்குகிற பழக்கம் அந்தப் பக்கத்துக்கு மெல்லத் திரும்பி வந்தது. ஏழு வருசத்தில் அதுவும் போரோடு போனது. அவருடைய முதல் எம்.டி. 90 முள்ளிவாய்க்காலில் நிற்கிறது. நிற்கிறது என்றுதான் இன்றைக்கும் சொல்வார். செட்டிகுளத்துக்கு அவர் வந்தது, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்கு. 2012 இல் முகாமை மூடியபோது இங்கேயே சொந்தம் கண்டு தங்கிவிட்டார். இப்போதிருக்கிற எம்.டி. 90 அதற்குப் பிறகு வாங்கியது. ஒன்றுமே இல்லாத மேசையை வருசக்கணக்காகப் பார்த்த மனுசனுக்கு முன்னால் மூன்று பெட்டியை வைத்தால், வாங்கி முடித்துவிட்டு வீட்டுக்குப் போக மனம் வருமா? வாங்கினால் ஒன்றுதான் கையில். வாங்காமல் இருந்தால் மூன்றும் அவருடையது.

அவருடைய பொற்காலம் 2022. பொருளாதார நெருக்கடியில் ஊரே தலையில் கை வைத்த வருசம். ஆனி மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் இல்லை. பெற்றோல் செட் வாசலில் தொடங்கிய வரிசை எங்கே முடிகிறது என்று பார்க்கப் போனவர்கள் அங்கேயே நின்று வரிசையை இன்னும் நீட்டினார்கள். மைக்ரோன் அண்ணைக்கு வாழ்நாளில் முதல்தடவையாக எழும்பி ஓட முடியாத சபை கிடைத்தது. இடத்தை விட்டால் இடம் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் நின்றவர்கள் அவரிடம் பில்ரர்ப் பாடத்தை ஆதியிலிருந்து கேட்டார்கள்: 1923 இல் அமெரிக்காவில் சுவீற்லன்ட் என்பவர் மோட்டார் காருக்கு ஓயில் பில்ரர் கண்டுபிடித்தது, அதற்குமுன் எஞ்சின் அழுக்கு ஓயிலையே குடித்துக்கொண்டு ஓடியது, எல்லாம். கியூ.ஆர். அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று ஆனபோது வரிசை சுருங்கியது. நாடு மூச்சு விட்டது. அண்ணை மட்டும், "பாடம் அரைவாசியிலை நிக்குது" என்று கவலைப்பட்டார்.

வாகன இறக்குமதியை 2020 பங்குனியில் நிறுத்தியவர்கள் 2025 மாசி வரை முழுதாகத் திறக்கவில்லை. புதுச் சைக்கிள் அரிதாகியதால் பழசுக்கு மவுசு ஏறியது. கொல்லையில் கோழி அடைகிடந்த சைக்கிளை எல்லாம் தட்டித் துடைத்து லட்சக்கணக்கில் விலை சொன்னார்கள். அண்ணையின் வார்த்தைக்கும் விலை ஏறியது. "இனி இதைக் காப்பாத்தினால்தான் உண்டு" என்று ஆட்கள் தேடி வந்தார்கள். அவரும் வீட்டு விறாந்தையைத் திறந்துவிட்டார்.

அந்த விறாந்தை பார்க்கவேண்டிய இடம். கராஜில் கழித்த பழைய பில்ரர்களைக் கேட்டு வாங்கி வந்து, வாளால் அறுத்து, பேப்பரை விரித்துக் கொடியில் காயப்போட்டிருப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு: என்ன கம்பனி, யாருடைய சைக்கிள், எத்தனை கிலோமீற்றர் ஓடியது. பிரேதப் பரிசோதனை அறிக்கைகூட இவ்வளவு விபரமாக இராது. ஒரு பில்ரருக்குள் மெல்லிய அலுமினியச் சுருள் கண்டு அதன் சொந்தக்காரரின் வீட்டுக்கே போய், "உங்கடை எஞ்சினுக்கு நாள் கிட்டுது" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டில் அன்று பிறந்தநாள் விழா.

தன்னுடைய எம்.டி. 90 எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார். மீற்றர் கேபிள் அறுந்து கனகாலம். மடுக் கோயிலுக்கு எத்தனைதரம் போய்வந்தார் என்பதை வைத்து ஒரு கணக்குச் சொல்வார். ஆடித் திருவிழா, ஆவணித் திருவிழா இரண்டும் சேர்த்தி.

மெக்கானிக் ஒருநாள் பொறுமை கெட்டுப் போனார்.

"அண்ணை, எங்கடை கிறவல் றோட்டிலை தூசு எஞ்சினுக்குள்ளை போறது ஓயிலாலை இல்லை. எயார் கிளீனராலை. முதல் உங்கடையைக் கழட்டிப் பாப்பம்."

கழற்றினார்கள். எயார் கிளீனர்ப் பெட்டிக்குள் பஞ்சு இல்லை. அது இருந்த இடத்தில் எலி ஒன்று குடித்தனம் நடத்திவிட்டுக் குட்டிகளோடு கிளம்பிப் போயிருந்தது. நெல்லு உமி மட்டும் கிடந்தது.

வாங்கு முழுக்கச் சிரித்தது. அண்ணை குனிந்து உமியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பாத்தியளோ? எலியையே தடுத்திருக்கு. இதுதான் ஜப்பான் சாமான்."

அவருடைய ஓயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பது வீட்டில் மனைவிக்குத்தான் தெரியும். கழிவோயில் அவவுக்குத் தேவை. வேலிக்கட்டைகளின் அடியில் கறையான் ஏறாமல் இருக்க வருசாவருசம் பூசவேண்டும். "இந்தக் கிழமை மாத்துறன்", "ஓயிலுக்கேத்த பில்ரரை முடிவெடுத்திட்டு மாத்துறன்" என்று அண்ணை சொல்லிக்கொண்டே இருந்தார். பில்ரர் இல்லாத சைக்கிளுக்குப் பில்ரர் முடிவாகும்வரை காத்திருந்ததில் மூன்று கட்டை உளுத்து விழுந்தது. நாலாவது சரிந்த அன்று அவ பரலைத் தூக்கிக்கொண்டு நேரே கராஜுக்குப் போய், அங்கே இறக்கி வைத்திருந்த கழிவோயிலை நிரப்பி வந்து, ஒரே வெயிலில் முழு வேலிக்கும் பூசி முடித்துவிட்டா.

பின்னேரம் அண்ணை வந்தார். படலையடியில் நின்றார். கட்டையில் விரலை வைத்து இழுத்தார், இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார், மணந்தார், பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இஞ்சேரப்பா, இது பேப்பர் பில்ரராலை வந்த ஓயிலோ, வெறும் வலையாலை வந்ததோ?"

அவ குசினிக்குள் இருந்தபடியே பதில் சொன்னா:

"எனக்குத் தெரியாது. கறையானைக் கேளுங்கோ."