அந்த 17 பேர்

மலை தெரிகிற அறை என்று சொல்லி என் மச்சினனிடம் 400 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். அச்சன்புதூரில் எந்தத் தெருவில் நின்று மேற்கே திரும்பினாலும் மலைதான். எங்கள் மாட்டுத்தொழுவில் நின்றால் பண்பொழி திருமலைக் கோவில் வரை தெரியும். அந்தக் காட்சிக்காக மாட்டிடம் நான் இதுவரை ஒரு பைசா வாங்கியதில்லை.

குடும்பத்தோடு குற்றாலச் சாரலுக்கு வந்துவிட்டு அவன் சென்னைக்கு ரயிலேறிப் போய்விட்டான். எனக்கு எரிச்சல் ஆறவில்லை. "உங்களுக்கு எதுக்கு அத்தான் சிரமம், நாங்க ரூம் போட்டுட்டோம், 70 பர்சென்ட் ஆஃபர்" என்று அவன் போனில் சொன்னபோதே சுருக்கென்றது. இங்கே மச்சு காலியாகக் கிடக்கிறது, போன வாரம்தான் ஒட்டடை அடித்தோம். ஆனாலும் 70 பர்சென்ட் என்று காதில் விழுந்ததும், "எந்த ஆப்புல மாப்ள?" என்றுதான் என் வாய் கேட்டது. வருத்தம் வேறு, ஆஃபர் வேறு.

தள்ளுபடி ரூம் விஷயத்தில் யாரும் ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்த 17 பேர் கதையை முடித்துவிடுகிறேன்.

'இந்த அறையை இப்போது 17 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.' யார் இவர்கள்? ஆடி மாதம் என்றால் ஒப்புக்கொள்வேன். நான் பார்த்தது மார்ச் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பேரருவியில் பாறை மட்டும் காய்ந்துகொண்டிருக்கிற காலம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள், குரங்குக்கே அங்கே பொழுது போகாது. அப்போதும் 17 பேர். (எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். போகாத ஊருக்கு வழி கேட்பது அந்தக் காலம். எடுக்காத ரூமுக்கு மூன்று ஆப்பில் விலை பார்ப்பது இந்தக் காலம். நீங்களும் பார்க்கிறவர்தான்.) ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்தாலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு வீடு வாசல் கிடையாதா? மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாமா? சரி, இவ்வளவு நேரம் பார்க்கிறார்களே, ஒருவராவது எடுக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களைப் போல் பஜ்ஜி சொஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று எழுந்து போகிறவர்களாக இருக்க வேண்டும். ஒருநாள் என் மனைவியின் போனிலும் அதே அறையைத் திறந்தேன். 18 ஆகும் என்றுதான் நினைப்பீர்கள். 23 ஆயிற்று. ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்ததற்கு ஆறு பேர் கூடிவிட்டார்கள். உடனே அந்தப் போனைப் பிடுங்கி அணைத்தேன். எண்ணிக்கை குறையவில்லை.

இதுபோதாதென்று, 'சற்றுமுன் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் இங்கே அறை எடுத்தார்' என்று கீழே ஒரு வரி ஓடும். அம்பாசமுத்திரத்துக்காரருக்குப் பக்கத்திலேயே பாபநாசம். அங்கே அகஸ்தியர் அருவியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் விழுகிறது. அதை விட்டுவிட்டு எங்கள் காய்ந்த பாறையைப் பார்க்க அவர் காசு கட்டி வருகிறாராம். அவரை ஒருநாள் நேரில் சந்திக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஒருவர் எடுத்த பிறகும் 'ஒரே ஒரு அறைதான் மிச்சம்' என்றுதான் இருக்கும். அந்த ஒரு அறைக்கு அழிவே கிடையாது.

இதெல்லாம் கிழவனின் சந்தேகம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் இதே சந்தேகம். 2023 நவம்பர் 30-ல் அது ஒரு வழிகாட்டி விதியை வெளியிட்டது. இணையத்தில் நம்மை மடக்கும் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. முதலாவதே பொய் அவசரம். நாம் வாங்காத பொருளை நைசாகக் கூடையில் போடுவது அடுத்தது. தர்மத்துக்கு என்று ஒரு ரூபாய் டிக் ஆகியிருக்குமே, அதுதான். என் கையால் கொடுக்காத காசில் எனக்கு என்ன புண்ணியம் வரும்? மூன்றாவது நம்மைக் கூனிக்குறுக வைப்பது. இன்சூரன்ஸ் வேண்டாம் என்றால் 'நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்கிற பட்டனை நாமே அமுக்க வேண்டும். அமுக்கும்போது கை நடுங்கத்தான் செய்கிறது. ஆணை வந்துவிட்டது, 17 பேருக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை போலிருக்கிறது.

விலை விஷயம் தனி. 5,999 என்று போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 1,799. அந்த 5,999-ஐக் கொடுத்துத் தங்கிய மகராசன் ஒருவனைக்கூட நான் தென்காசி மாவட்டத்தில் பார்த்ததில்லை. 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. கடைசியில் கட்டுகிற தொகை மட்டும் என் கண்ணுக்கு அப்படியேதான் இருக்கிறது.

மச்சினனோடு லாட்ஜுக்கு நானும் போனேன். 'குற்றாலம், அருவிக்கு மிக அருகில்' என்று போட்டிருந்தது. இடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அருவிக்கு ஆட்டோக்காரர் கேட்ட காசில் ஒரு கிலோ மங்குஸ்தான் வாங்கலாம். கவுண்டரில் இருந்தவர் நோட்டைப் புரட்டினார், அப்புறம் போனைப் பார்த்தார், மறுபடி நோட்டு. "புக்கிங் வந்திருக்கு அண்ணாச்சி. ஏசி ரூம்தான் இல்ல. ஆனா மலை தெரியும்" என்றார். நேரே வந்து கேட்டால் இதே அறை என்ன விலை என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முந்தி அவங்க விலைக்குக் கீழ யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு எழுதியே வாங்கிருந்தாங்க அண்ணாச்சி. இப்ப கேட்டா நானே குறைச்சுத் தந்திருப்பேனே."

எந்த ஆப் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்த நிபந்தனை அவர் கட்டிய கதை இல்லை. ஹோட்டல்காரர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு இதைப் பற்றிப் புகார் கொடுத்து, இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2022 அக்டோபர் 19-ல் மேக்மைட்ரிப், கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் போட்டது. போட்டியாளர்களை ஒதுக்கிவைக்க அந்தக் குழுமத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டதற்காக ஓயோவுக்கு 168.88 கோடி. வேறு இடத்தில் விலை குறைக்கக் கூடாது என்கிற நிபந்தனைகளை ஒப்பந்தத்திலிருந்து எடுக்கவும் உத்தரவு. ஆக, தள்ளுபடி கொடுக்கிறோம் என்று விளம்பரம் செய்தவர்களே, வேறு யாரும் தள்ளுபடி கொடுத்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதற்குத்தானா நான் மூன்று ஆப் வைத்திருக்கிறேன்? நான் சொல்ல உட்கார்ந்த வழி இவ்வளவுதான்: ஆப்பில் பார்த்துவிட்டு, நேரே லாட்ஜிலும் ஒரு வார்த்தை விலை கேளுங்கள்.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்த காலத்தில் ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். இருவரும் கூப்பன் கோடு போட்டதாகத் தகவல் இல்லை.

மச்சினன் வந்த மறுநாள் மலையில் நல்ல மழை. எல்லா அருவியிலும் வெள்ளம், குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசிலடித்துக் கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் அறையை ரத்து செய்யலாம் என்றால் பணம் திரும்பாது. பிள்ளைகள் எங்கள் தோட்டத்துப் பம்புசெட்டில் குளித்தார்கள். அவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது என்பதை மச்சினன் ஒத்துக்கொள்ளவில்லை. லாட்ஜில் காலை டிபன் இலவசம், ஆனால் ஒரு அறைக்கு இரண்டு பேருக்கு மட்டும். மீதிப் பேருக்கு இட்லி அவித்தது, மத்தியானம் குழம்பு வைத்தது, ராத்திரி தோசை சுட்டது எல்லாம் என் மனைவி.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் மச்சினன் அந்த லாட்ஜுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறான். அடுத்த தடவைக்கு 200 ரூபாய் கூப்பன் கிடைக்குமாம். கூடவே, சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருந்தது என்றும் எழுதியிருக்கிறான்.