மருந்துக்கு ஒரு குவார்ட்டர்

ராயபுரத்தில் யாரும் ரம் குடிப்பதில்லை. சளிக்கு மருந்து எடுத்துக்கொள்கிறார்கள். கேக்குக்குத் திராட்சை ஊறப்போடுகிறார்கள். காசிமேட்டில் இரவெல்லாம் கடலில் கிடந்து கரையேறுகிறவர்கள், குளிர் விடட்டும் என்று இரண்டு மூடி தொண்டையில் விட்டுக்கொள்கிறார்கள். அப்படியானால் பகல் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் தூக்கும் முன்பே அங்கே நிற்கிற கூட்டம்? அத்தனை பேருக்கும் சளி.

சரக்குக்கு இங்கே ஒரு காரணம் வேண்டும். காரணங்களிலேயே மலிவானது மசாலா. வெறும் ரம் வீட்டுக்குள் வந்தால் குடி. அதே ரம்மில் நாலு மிளகு விழுந்துவிட்டால் வைத்தியம்.

ஒரு ஃபுல் பாட்டில் ரம்மில் பட்டை, கிராம்பு போட்டு ஊறவைக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "இந்த வூட்ல பாட்டிலு நுழையக்கூடாதுன்னு உங்க நைனா காலத்துல இருந்து சொல்லிக்கினு இருக்கேன்" என்று ஆரம்பித்தவள், ஏலக்காய், ஜாதிக்காய் என்று நான் பட்டியலை நீட்ட நீட்ட சுருதி இறங்கினாள். கடைசியில், "சுக்கு போடலியா? சுக்கு இல்லாம இன்னாடா கஷாயம் அது?" என்றாள். அவ்வளவுதான். பாட்டிலுக்கு அலமாரியில் ஓமவாட்டர் பக்கத்தில் இடம் கிடைத்தது.

வெளிநாட்டில் இதை ஸ்பைஸ்டு ரம் என்று தனி ரகமாகவே விற்கிறார்கள். அதில் பேர்போனது கேப்டன் மார்கன். லேபிளில் காலைத் தூக்கி வைத்து நிற்கும் அந்தக் கேப்டன் கற்பனை ஆள் இல்லை. ஹென்றி மார்கன் என்கிற நிஜ மனிதர், 1671இல் பனாமா நகரைச் சூறையாடியவர். அவர் அங்கே கொள்ளையடித்துக்கொண்டிருந்த அதே 1670களில், இங்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வில்லியம் லாங்ஹார்ன் என்ற ஆளுநர் வெள்ளைக்காரர்களின் குடியைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார். ஒருவர் ஒரு தடவைக்கு அரை பைண்ட்டுக்கு மேல் சாராயமோ பிராந்தியோ, ஒரு குவார்ட்டுக்கு மேல் ஒயினோ குடிக்கக்கூடாது. மீறினால் ஊற்றிக்கொடுத்த வீட்டுக்காரருக்கு அன்றைய நாணயத்தில் ஒரு பகோடா, குடித்தவருக்குப் பன்னிரண்டு பணம் அபராதம். கண்டிப்பைக் கவனியுங்கள். அந்த அரை பைண்ட், நம் டாஸ்மாக்கின் 180 மில்லி குவார்ட்டரைவிடக் கணிசமாகப் பெரியது. என் மாமாவிடம் இதைச் சொன்னேன். அன்றைக்கு இருந்திருந்தால் கோட்டைக்கே குடிபோயிருப்பேன் என்றார்.

அந்தக் காலத்துச் சென்னையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கென்றே பஞ்ச் கடைகள் இருந்தன. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மேலே கொஞ்சம் மசாலா. ஆக, நான் செய்யக் கிளம்பியது புதுமை ஒன்றும் இல்லை. இந்தத் துறைமுகத்தின் பழைய பழக்கம். பிரிட்டிஷ் கடற்படையும் சும்மா இல்லை. 1740இல் அட்மிரல் வெர்னன், மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலந்துதான் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். வேண்டியவர்கள் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதலும் சொன்னார். அவர்களுடைய தினசரி ரம் படி 1970 ஜூலை 31ஆம் தேதியோடு நின்றது. அவர்கள் மூடினார்கள், அடுத்த வருடம் ஆகஸ்டில் தமிழ்நாட்டில் நாம் திறந்தோம். கடல் சமநிலைக்கு வந்தது.

திறப்பதற்கு முன் நாம் பட்ட பாடு தனிக்கதை. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. சென்னைக்காரர்கள் தளரவில்லை. மருந்துக் கடையில் இஞ்சி டிங்சர் விற்றார்கள், அஜீரணத்துக்கு. தொண்ணூறு சதவீத ஆல்கஹாலில் சுக்கை ஊறவைத்து எடுத்த சத்து அது. பட்டணத்தில் திடீரென்று அஜீரணம் பெருகியது. சோறு கிடைக்காதவனுக்கும் அஜீரணம். வார்னிஷ் குடித்துக் கண்ணை இழந்தவர்களும் உண்டு. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் மசாலாவைச் சாராயத்தில் ஊறவைக்கும் கலையைச் சர்க்கார் முத்திரையோடு நமக்குக் கற்றுக்கொடுத்தது மதுவிலக்குதான் என்பது என் துணிபு. அம்மா சுக்கு கேட்டதில் வியப்பில்லை.

சரி, செய்முறை. ரம் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று சில்லறையாக ஒரு கணக்கு போட்டிருக்குமே, அதுவும் வெள்ளைக்காரன் விட்டுப்போனதுதான். சரக்கை வெடிமருந்தில் ஊற்றிப் பற்றவைத்துப் பார்ப்பார்களாம், பற்றினால் தரமானது. அந்தத் தரம் பிற்பாடு சுமார் 57 சதவீதம் என்று நிலைத்தது. அதில் முக்கால் பங்குதான் நம்முடைய 42.8. மசாலாவுக்கு இது பொருத்தமான அளவு. தண்ணீருக்கு மசியாத வாசனை எண்ணெய்கள் இதில் மளமளவென்று இறங்கிவிடும். ஆகவே கையை அடக்கவேண்டும். 750 மில்லிக்கு ஒரு விரல் நீளம் பட்டை, கிராம்பு மூன்று, தட்டின ஏலக்காய் இரண்டு, மிளகு ஐந்தாறு, அன்னாசிப்பூவில் பாதி, சீவின ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவிய கமலா ஆரஞ்சுத் தோல். பிறகு அம்மாவின் சுக்கு, அது இல்லாமல் அலமாரி திறக்காது. கிராம்பையும் அன்னாசிப்பூவையும் மறுநாளே எடுத்துவிட வேண்டும். கிராம்பில் யூஜினால் என்றொரு எண்ணெய் இருக்கிறது; பல் டாக்டர்கள் சொத்தைப் பல்லில் வைத்து அடைப்பது. இரண்டு நாள் கூடுதலாக விட்டால், ஒரு மடக்கு குடித்ததும் வாயைத் திறந்து நாற்காலியில் சாய்ந்துகொள்ளத் தோன்றும். மற்றவை மூன்று நாலு நாள் இருக்கலாம். வெயில் வேண்டாம். வேட்டித் துணியில் வடிகட்டி, கொஞ்சம் பனங்கற்கண்டைப் போட்டுக் குலுக்கினால் முடிந்தது.

பக்குவம் வந்ததா என்று தினமும் முகர்ந்து பார்க்கவேண்டும் என்பார்கள். சொன்னவர்கள் ராயபுரத்தில் இருந்ததில்லை. கடல் காற்று வந்தால் கருவாடு. காற்று வடக்கிலிருந்து அடித்தால் மணலி, எண்ணூர் ஆலை வாடை. இங்கே மூக்குக்கு மூன்று ஷிப்டு வேலை. ஏலக்காய்க்கும் ஜாதிக்காய்க்கும் வித்தியாசம் சொல்ல அதற்கு ஏது ஓய்வு?

அதனால் எதிர்வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியிடம் பாட்டிலைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு வருடமும் மழை தொடங்கும்போதே கேக் பழங்களை ரம்மில் ஊறப்போடுகிறவர். இஞ்சி ஒயினும் வீட்டிலேயே போடுவார். ஒரு டீஸ்பூன் வாயில் விட்டு, கண்ணை மூடி, "ஜாதிக்காய் கொஞ்சம் தூக்குது மேன். மத்தபடி குட்" என்றார். அப்புறம் ரொம்ப இயல்பாக, "இதப் போயி குடிச்சி வேஸ்ட் பண்ணுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கைத் தன் பழ ஜாடியில் கவிழ்த்துவிட்டார்.

மீதியை அம்மா கைப்பற்றினாள். யாருக்கு எவ்வளவு என்பது இனி அவள் முடிவு. டம்ளரில் ஊற்றினால் அது குடி ஆகிவிடும் என்பதால், நான் குழந்தையாக இருந்தபோது மருந்து புகட்டின வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்தாள். தெருவில் யார் இருமினாலும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு பாலாடை. லாங்ஹார்னுக்குக்கூடத் தோன்றாத அளவை அது.

செய்தி காசிமேடு போய்ச் சேர, மாமா வந்தார். அவர் நிலைமை சிக்கலானது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதியில், இனிமேல் சரக்கைத் தொடமாட்டேன் என்று அம்மா முன்னிலையிலேயே சத்தியம் செய்தவர். அம்மா அதை நினைவுபடுத்தினாள்.

"தொடமாட்டேன்னுதான்க்கா சொன்னேன்" என்று மாமா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து வாயைத் திறந்தார். அம்மா புகட்டினாள். விழுங்கிவிட்டு நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"வலது பக்கம் வுட்டுப்போச்சுக்கா. இடது பக்கம் சளி அப்டியே கீது. இன்னொண்ணு ஊத்து."