மச்சான் இருந்தால் டெண்டர் கிடையாது

மத்தியப் பொதுப்பணித் துறையின் டெண்டர் நிபந்தனைகளை எழுதியவர் சொந்தபந்தம் நிறைந்த வீட்டில் வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். வேலை நடக்கும் வட்டத்தில் ஒப்பந்ததாரரின் நெருங்கிய உறவினர் யாராவது ஜூனியர் இன்ஜினியராகவோ கோட்டக் கணக்கராகவோ இருந்தால் அங்கே அவர் டெண்டர் போட முடியாது. யார் யார் உறவு? தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை, சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை, அவர்கள் பெற்ற பிள்ளைகள், கல்யாணம் கட்டிய வழியில் இதே முறைக்கு வருகிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. ஒன்றுவிட்ட மச்சான் அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தால் சிமெண்ட் மூட்டை எந்தப் பக்கம் நகரும் என்று இந்த அரசுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் தெரியும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி, ஒரு அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ வேலை செய்து தரவோ நடப்பு ஒப்பந்தம் வைத்திருப்பவர் அந்த அரசுக்குரிய அவையில் உறுப்பினராக முடியாது. மாநில அரசின் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செய்து தரும் பட்டறைக்காரர் சட்டமன்றத் தேர்தலில் நின்றால் வேட்புமனு தள்ளுபடியாகிவிடும்.

சரி, சட்டமன்றத்துக்குள் நுழையக் கூடாத ஒப்பந்ததாரர், சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கிற கட்சிக்கு 500 கோடி கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். கம்பெனிச் சட்டத்தின் 182ஆம் பிரிவு அரசு கம்பெனிகள் கட்சிக்குப் பணம் தரக் கூடாது என்கிறது. மூன்று வயது நிரம்பாத கம்பெனிகளும் தரக் கூடாது. அரசிடம் காண்டிராக்ட் வாங்கிப் பிழைக்கும் கம்பெனியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆளுங்கட்சிக்கு எவ்வளவு தந்தாய் என்று கேட்கிற கட்டம் அந்த டெண்டர் படிவத்திலும் இல்லை. மச்சான் ஆபத்து, மந்திரி பரவாயில்லை.

இதுவும் போதாது என்றுதான் 2018இல், கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தரும் தேர்தல் பத்திரம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்ற வரம்பைத் தூக்கினார்கள். எந்தக் கட்சிக்குத் தந்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டியதும் போயிற்று. ரிசர்வ் வங்கி வேண்டாம் என்றது, தேர்தல் ஆணையம் இது பின்னோக்கிய அடி என்றது, யார் கேட்டார்கள்? பெயர் வெளியே வந்தால் கொடுத்தவரைப் பிற கட்சிகள் பழிவாங்குமாம், அதற்காக ரகசியமாம். விற்றது ஸ்டேட் வங்கி, அதன் முதலாளி மத்திய அரசு. புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் பத்திரத்தில் மறைந்திருக்கும் எண் தெரிகிறது என்பதை 2018இலேயே ஒரு பத்திரிகையாளர் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துக் கண்டுபிடித்துவிட்டார். ஆக இந்த ரகசியம் யாரிடமிருந்து? வரி கட்டுகிறவனிடமிருந்துதான். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும் பொது உரிமை குடிமக்களுக்குக் கிடையாது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்திலேயே வாதாடினார்.

பாட்னாவில் யாரோ ஒரு புண்ணியவான் ஐக்கிய ஜனதா தள அலுவலகத்தில் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால் தலா ஒரு கோடிக்குப் பத்துப் பத்திரங்கள். யார் தந்தது என்று தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. நான் கட்டிய கதை இல்லை ஐயா, அந்தக் கட்சியே தேர்தல் ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்தது.

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் இந்தத் திட்டத்தை ஒருமனதாகத் தூக்கி எறிந்தார்கள். யார் வாங்கியது, எந்தக் கட்சிக்குப் போனது என்ற விவரத்தைத் தர ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. 22,217 பத்திரங்கள், பாவம், எண்ணி முடிப்பதற்குள் மக்களவைத் தேர்தலும் முடிந்து புது மந்திரிகளும் பதவி ஏற்றிருப்பார்கள். மார்ச் 11இல் நீதிமன்றம் அதட்டியது. அத்தனை மாத வேலை மறுநாளே முடிந்தது.

வெளியே வந்த நன்கொடையாளர் பட்டியலில் இரண்டாவது இடம் ஐதராபாத்தின் மேகா இன்ஜினியரிங்குக்கு: 966 கோடி ரூபாய். காஷ்மீரில் சோஜிலா சுரங்கப்பாதை, தெலங்கானாவில் காளேஸ்வரம் பாசனத் திட்டம் என்று அரசு வேலைகளில் வளர்ந்த கம்பெனி. பெரும்பங்கு பா.ஜ.க.வுக்கு, அடுத்தது காளேஸ்வரம் கட்டியபோது தெலங்கானாவை ஆண்ட பி.ஆர்.எஸ்.ஸுக்கு. 2023 ஏப்ரலில் அந்தக் கம்பெனி 140 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தில் தாணே–போரிவலி இரட்டைச் சுரங்க வேலை, 14,000 கோடிக்கு மேல், கிடைத்தது. தற்செயலாகவே இருக்கலாம். விசாரித்தால்தானே தெரியும்? சிறப்புப் புலனாய்வு கேட்டுப் போனவர்களின் மனுவை அதே உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தள்ளுபடி செய்துவிட்டது.

ஆனால் சி.பி.ஐ. தூங்கவில்லை! 2024 ஏப்ரலில் அதே கம்பெனி மீது வழக்குப் போட்டது. ஜகதல்பூர் உருக்காலை வேலையில் பில் பாஸ் செய்ய அதிகாரிகளுக்குச் சுமார் 78 லட்சம் லஞ்சம் தந்ததாகக் குற்றச்சாட்டு. அதிகாரிகள் கைக்குப் போனதாகச் சொல்லும் 78 லட்சம் லஞ்சம், கட்சிகளின் கைக்குப் போன 966 கோடி நன்கொடை. தொகை பெரிதாகப் பெரிதாகக் குற்றம் கரைந்துபோகும் இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

நம் ஊர் யோக்கியதையையும் பார்த்துவிடலாம். அந்தப் பட்டியலில் முதலிடம் 1,368 கோடி கொடுத்த லாட்டரி கம்பெனிக்கு. அதன் அதிபர் கோவைக்காரர். தி.மு.க.வுக்கு வந்த 656 கோடியில் 509 கோடி அவருடையது. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை 2003 முதல். ஒரு சீட்டுக்கூட விற்க முடியாத ஊரின் அப்போதைய ஆளுங்கட்சி மேல் ஒரு வியாபாரிக்கு இத்தனை பாசம்! தந்தவர் பெயரைக் கட்சியே சொன்னது என்பார்கள். சொன்னார்கள்தான், நீதிமன்றம் கேட்ட பிறகு. அரசு லாட்டரி விற்பனையாகும் மேற்கு வங்கத்தில் திரிணமூலுக்கு அதே கம்பெனி தந்தது 540 கோடிக்கு மேல். பத்திரமே வேண்டாம் என்ற இடதுசாரிகளை மட்டும் இந்தக் கோபத்திலிருந்து விலக்கி வைக்கிறேன்.

அமெரிக்காவில் மத்திய அரசின் ஒப்பந்ததாரர் தேர்தல் நிதி தரக் கூடாது என்று 1940இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கும் முதலாளிகள் சந்துபொந்து கண்டுபிடித்துத் தருகிறார்கள். ஆனால் சந்தில் போவதற்குச் சட்டம் என்ற ஒரு சுவராவது இருக்கிறது.

இங்கே தீர்ப்புக்குப் பிறகு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எந்தக் கட்சிக்கும் உத்தரவு போகவில்லை. 7.5 சதவீத வரம்பு திரும்பி வந்தது. தேர்தல் அறக்கட்டளைகள் முன்பிருந்தே உண்டு; அங்கே பல கம்பெனிகளின் பணம் ஒரே உண்டியலில் விழுந்து கட்சிக்குப் போகிறது. ஒப்பந்ததாரர் என்ற வார்த்தை மட்டும் இன்னும் 182ஆம் பிரிவுக்குள் வரவில்லை.

கடைசியாக வருமான வரி. கட்சிக்குத் தரும் நன்கொடையை, ரொக்கமாகத் தராதவரை, சலுகை வரி விகிதத்தைத் தேர்ந்தெடுக்காத கம்பெனி தன் வருமானத்தில் முழுவதுமாகக் கழித்துக்கொள்ளலாம். அப்படி 30 சதவீத வரி கட்டும் ஒப்பந்ததாரர் 100 கோடி கொடுத்தால் கஜானாவுக்கு வர வேண்டிய 30 கோடி வராது. ஆக டெண்டருக்குப் பணம் நம்முடையது, மந்திரிக்குப் போகும் மொய்யில் பத்தில் மூன்று பங்கும் நம்முடையது. ரசீது மட்டும் அவர்கள் பெயரில்.