நாலு பார்சலும் 48 கிலோ கொழுந்தும்

வா மருமவனே, வா. ஆட்டோவ அங்கனயே நிப்பாட்டிட்டு இஸ்தோப்புல குந்து. கையில என்ன, ஹாலிஎல டவுன் கொத்து ரொட்டியா? நாலு பார்சலா! வாசம் லயத்துக் கடைசி காம்பரா வரைக்கும் போயிருக்கும். போகட்டும், பத்தாந்தேதி சம்பளம் வந்தது நாலு சனத்துக்குத் தெரிய வேணாமா?

நான் ஒன்னும் சொல்லல. ஒலை வைக்கிறதெல்லாம் எங்க காலத்து ஆளுங்க பழக்கம், நீ படிச்ச புள்ள. ரொட்டிய நம்ம வீட்டுல பிச்சு குழம்புல போட்டா அது பழசு. டவுன்ல தகரத்துல கொட்டி டங்கு டங்குன்னு அடிச்சா 900 ரூவா. முக்காவாசி காசு அந்தச் சத்தத்துக்குத்தான். குடுக்கலாம், தப்பில்ல. நம்ம வீட்டு அடுப்பு ஊமைதானே.

ஒரு சின்னக் கணக்கு மட்டும் கேளு. 2021ல ஆயிரம் ரூவா கைக்கு வர்றதுக்குள்ள நாம எத்தன வருசம் கொடி புடிச்சோம்! 2024 செப்டம்பர்ல கெசட் அடிச்சு 1,350 ஆக்குனாங்க. ஒங்க டிவிசன்ல 18 கிலோ எடுத்தாத்தான் ஒரு பேரு, முழு நாள் சம்பளம். நாலு பார்சல் 3,600. அந்த 1,350ல கணக்குப் பாத்தா ரெண்டு பேரு முழுசா, மூணாவது நாளும் பின்னேரம் வரைக்கும். கொழுந்தாச் சொன்னா 48 கிலோ. நீ ரெண்டு விரல்ல தொங்க விட்டுக்கிட்டு வர்ற இந்தப் பை, ஒம் பொஞ்சாதி தலையில கூடைக்கயிறா அழுத்தினது. ஈபிஎஃப் கழிச்சத நான் சேக்கல, நீ வருத்தப்படுவ.

காஸ் விலையச் சொல்றியா? 2022 ஏப்ரல்ல சிலிண்டர் 4,860 ரூவா ஆச்சே, அப்ப டவுன் மாடி வீட்டுக்காரரு ஒருத்தரு, என்னய ரோட்டுல கண்டா காணாத மாதிரி போறவரு, "ஐயா, அடுப்புக்கு கவாத்து மிலாறு ரெண்டு கட்டு கெடைக்குமா"ன்னு இதே இஸ்தோப்புல வந்து நின்னாரு. சிலிண்டர் மேல பூந்தொட்டி வச்சிருந்தாரு மனுசன்.

அதுக்கு முந்தி ஒரு பஞ்சம் வந்துச்சு, 1974ல, சிறிமாவோ அம்மா ஆட்சியில. அரிசிய ஊர் விட்டு ஊர் கொண்டு போக முடியாது, ரோட்டுல பொல்லு போட்டு பஸ்ஸ நிப்பாட்டிப் பையத் துழாவுவாங்க. சாப்பாட்டுக் கடையில வாரத்துக்கு ரெண்டு நாள் சோறு விக்கக் கூடாதுன்னு சட்டம். தோட்டங்கள்ல பசியில செத்த சனம் உண்டுடா. எங்கம்மா ஒரு சுண்டு மாவுல ஆறு பேருக்கு ரொட்டி தட்டுவா. வெளிச்சத்துல புடிச்சா அந்தப் பக்கம் நமுனுகுல மலை தெரியும்.

ரொட்டி சுடத் தெரியாதா? மாவு, உப்பு, தேங்காப்பூ. தேங்கா 200 ரூவாயத் தாண்டினப்ப ஒங்க அத்த வட்டக்காய அவிச்சுப் பெசைஞ்சு சுட்டா. நான் ரெண்டு கூடவே தின்னேன், அவகிட்ட சொல்லல. தண்ணிய கொஞ்சங் கொஞ்சமா தெளிச்சு, கையில ஒட்டாத பதத்துக்குப் பெசை. உள்ளங்கையில தட்டிக் கல்லுல போடு, ஓரம் எழும்பினா திருப்பு. அம்மியில கொச்சிக்கா, வெங்காயம், ஒரு துண்டு மாசி வச்சு நச்சு. கண்ணுல தண்ணி வரும். 3,600 எண்ணிக் குடுக்கறப்ப வராத தண்ணி.

என்ன, பொஞ்சாதி சுடுவான்னு பாக்கிறியா? அவ கொழுந்து நிறுத்துட்டு அட்டை கடிச்ச காலோட வர்றா. வீட்டுச் சமையல்ல மிச்சம், மிச்சம்னு பேசுற ஆம்பளைங்க எல்லாம் அவ கைவேலைய சும்மான்னு எழுதித்தான் அந்தக் கணக்கு காட்டுறானுங்க. ஒன் நேரம் ஸ்டாண்டுல கேரம் போர்டுக்கு மேல சும்மாதானே கெடக்கு? அதப் போட்டு சுட்டா நெசமாவே மிச்சம்.

சரி சரி, ஆறிடும், கெளம்பு. வீட்டுல அவ, ஒங்கம்மா, புள்ள, மூணு பேரு. மூணு பார்சல எடுத்துட்டுப் போ. அந்த நாலாவது, ஒன்னோடது, இந்தப் பெஞ்சில வையி. அத்தகிட்ட ஒரு சுண்டு மாவு வாங்கிட்டுப் போயி ஒனக்கு மட்டும் ரெண்டு ரொட்டி சுட்டுப் பழகு. கோழிக்கொத்துதானே இது? போன மாசம் முட்டைக்கொத்தக் குடுத்து ஏமாத்திட்ட.